மழை பெய்தால் பானெட்டுக்குள் தண்ணீர், இடப்பக்கக் காலடியில் குளம்: எங்கிருந்து வருகிறது?

குரோம்பேட்டைவாசி
அக்டோபர் 18, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக ஓட்டும் சிறிய பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். இதுவரை ஒரு மழையிலும் தொல்லை கொடுத்ததில்லை.

மூன்று நாளாக இங்கே விடாத மழை. நேற்று அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். முன்னால் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவருடைய சேலைக் கரை கணுக்கால் வரை நனைந்திருந்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் பொங்கி வருகிறது.

இன்று காலை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் குலுங்கியது. டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் தலைமேல் முத்து முத்தாகத் தண்ணீர். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக உள்ள, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சுற்றி ஒரு சின்னக் குட்டையே தேங்கியிருந்தது. அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் குலுக்கல் நின்றுவிட்டது.

மாலையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். முன்கண்ணாடியைக் கழற்றிப் புதிதாகப் பசை வைத்து ஒட்ட வேண்டும், நான்கு காயில்களையும் மாற்ற வேண்டும், 26,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்காமல் சொன்ன கணக்கு இது. அவ்வளவு பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். தீபாவளி நெருங்குகிறது, ஊருக்கும் போக வேண்டும்.

நெல்லைச்சாரல்
அக்டோபர் 18, இரவு 10.05

நண்பரே, எனக்கும் சென்ற ஆண்டு இதே கதை. வைப்பருக்கு அடியில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் ஓரத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது, தண்ணீர் அதற்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. சிலிகான் பசைக் குழாய் ஒன்று வாங்கி நன்றாக அடைத்துவிட்டேன். செலவு 200 ரூபாய்க்குள் முடிந்தது. கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள்.

மதுரைப் பட்டறை
அக்டோபர் 18, இரவு 11.20

தம்பி குரோம்பேட்டை, கண்ணாடியை யாரும் தொட வேண்டாம். காயிலும் இப்போது வாங்க வேண்டாம். நெல்லைத் தம்பி, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. சிலிண்டருக்குள் பொறி விழாமல் பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அது போய் எரிவது புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிக்குள், நாங்கள் கேட்டலிட்டிக் என்று சொல்லும் பாகம். அது உருகினால் ஆகும் செலவுக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமில்லை. இனி அப்படி மின்னினால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் இந்தக் குறையோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் வரும் வழியில் தவறு இருப்பதில்லை, போகும் வழியில்தான் இருக்கிறது. முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வழிந்து வைப்பரின் அடியிலுள்ள மூடிக்குள்தான் இறங்கும். இறங்க வேண்டும் என்றுதான் அதில் சல்லடை வைத்திருக்கிறார்கள். மூடிக்கு அடியில் வண்டியின் அகலத்துக்குத் தகட்டால் ஆன ஒரு தொட்டி இருக்கிறது. கவுல் என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் காட்டுவார். அதன் இரு கோடியிலும் வடிகால் ஓட்டை உண்டு. அங்கிருந்து மட்கார்டுக்குள் இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். கண்ணாடியும் கூரையின் முன்பகுதியும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர்தான் என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டும் மழையில் ஐம்பது லிட்டர் அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறது. இரண்டு வடிகாலில் ஒன்று அடைத்தாலே மட்டம் ஏறும். ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாயும் அதே தொட்டியில்தான் சற்று மேலே இருக்கிறது, நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இடப்பக்கம். மட்டம் அந்த வாயைத் தொட்டதும் தண்ணீர் ஏசிக் காற்றை ஊதும் விசிறியான புளோயர் வழியாக நேரே இடப்பக்கக் காலடியில் இறங்கும். உங்கள் அம்மா உட்கார்ந்த இடம் அதுதான்.

ஆனால் இன்ஜின் தலையில் தண்ணீர் விழுவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் தெரிந்ததால் ஒரே குறை என்று நினைக்காதீர்கள்.

மூன்று கேள்விகள். வண்டியை எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள்? கடந்த ஓராண்டில் வைப்பரையோ கண்ணாடியையோ யாராவது கழற்றினார்களா? நெரிசலில் நிற்கும்போது ஏசியில் இன்ஜின் சூட்டு வாடை வருகிறதா?

நெல்லைத் தம்பி, நீங்கள் அடைத்தது எந்த ஓட்டை? நாளைப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது.

குரோம்பேட்டைவாசி
அக்டோபர் 19, காலை 7.10

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. படித்துக்கொண்டு வரும்போதே மனது கனத்துப்போனது.

வண்டி நிற்பது தூங்குமூஞ்சி மரத்தடியில். பக்கத்து வீட்டு வேம்பும் சேர்ந்து நிழல் தருகிறது. ஆகஸ்டில் வைப்பர் மோட்டார் பழுதாகி, ஒரு பட்டறையில் மாற்றினேன். அப்போது அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றியிருப்பார்கள் அல்லவா? ஏசி வாடை, ஆமாம். செப்டம்பரிலிருந்து சிக்னலில் நின்றால் சூடான ரப்பர் போல ஒரு வாடை வருகிறது. ஏசி ஃபில்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்று தோன்றவேயில்லை.

வால்பாறைப் பாதை
அக்டோபர் 19, காலை 8.30

எங்கள் பக்கம் ஜூன் மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழைதான். தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்றான சின்னக்கல்லார் இங்கிருந்து கூப்பிடு தூரம். காரில் தண்ணீர் என்றால் எனக்குப் பழகிய விஷயம். ஆனாலும் ஏமாந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், வந்திருப்பது மழைத் தண்ணீர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டியபின் நனைந்தால் அது ஏசி கறக்கும் தண்ணீர். நிறமிருக்காது, வாடையிருக்காது. வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சொட்டும். விரலில் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு, பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். அதை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், நஞ்சு.

மூன்றாவது ஒன்று உண்டு, என்னை ஏமாற்றியது அதுதான். இரண்டு மாதம் நானும் மெக்கானிக்கும் பானெட்டுக்குள் மழை ஒழுகுகிறது என்று தேடினோம். கடைசியில் பார்த்தால், கண்ணாடி கழுவத் தண்ணீர் பீய்ச்சும் மெல்லிய குழாய் பானெட்டின் கீல் பக்கம் வெடித்திருந்தது. மழையில் கண்ணாடி மங்கும்போதுதானே அதிகம் பீய்ச்சுவோம்! மழை நாளில் மட்டும் நனைந்ததற்கு அதுதான் காரணம். தண்ணீரில் இலேசாகச் சோப்பு வாடை இருந்தது. அதை முதல் நாளே முகர்ந்து பார்த்திருக்கலாம்.

குரோம்பேட்டைவாசி
அக்டோபர் 19, காலை 8.50

சகோதரி, நல்ல குறிப்பு. இப்போதே போய்ப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை, சோப்பு வாடை இல்லை. ஆனால் கார்ப்பெட்டில் அழுத்திய வெள்ளைத் துணியில் தேயிலைச் சாறு போல இலேசான பழுப்பு.

மதுரைப் பட்டறை
அக்டோபர் 19, காலை 9.15

அது இலைச் சாறு தம்பி. அழுகிய இலைமேல் நின்ற தண்ணீருக்கு அந்த நிறம் வரும். பாதி விடை கிடைத்துவிட்டது.

மழை விட்டால் இப்படிச் செய்து பாருங்கள். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, மூடியின் இரண்டு கோடிகளையும் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வலக்கோடியில் மெதுவாக ஊற்றுங்கள். வீட்டில் ஒருவரைச் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய சில நொடியில் தரையில் கொட்ட வேண்டும். பிறகு இடக்கோடி. ஒரு பக்கம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து அடுத்த பக்கம் போங்கள், இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் எங்கே வந்தது என்று தெரியாது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டு வண்டி முழுவதும் அடிப்பது சோதனை ஆகாது. எல்லா இடமும் நனைந்துவிடும், எதுவும் புரியாது.

இன்ஜின் பக்கத்துக்கு: மூடியின் முன் விளிம்பில் வண்டியின் அகலத்துக்கு நீளமாக ஒரு பீடிங் ரப்பர் ஓடும். பானெட்டை மூடும்போது அதன்மேல் அமரும். கவுல் தண்ணீர் இன்ஜின்மேல் விழாமல் தடுப்பதும், இன்ஜின் சூட்டுக் காற்று ஏசி வாய்க்குள் போகாமல் தடுப்பதும் அந்த ரப்பர்தான். வாடை வருகிறதா என்று கேட்டது அதற்காகத்தான். அந்த ரப்பர்மேல் ஒரு விரல் அகலத்துக்குச் சாக்பீஸ் தூள் தடவி, பானெட்டை மூடித் திறங்கள். பானெட்டின் உள்தகட்டில் தூள் கோடு விழும். கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை.

கோவை ஒயரிங்
அக்டோபர் 19, பகல் 1.30

மின்சாரப் பக்கம் நான் சொல்கிறேன், இதில் அவசரப்பட்டால் நல்ல இன்ஜின் கெடும்.

இரண்டாவது காயிலைச் சுற்றித் தண்ணீர் நின்றது என்கிறீர்கள். காயிலை உருவினால் ஸ்பார்க் பிளக் உட்காரும் கிணறு தெரியும். அதற்குள் தண்ணீர் இருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் கிணற்றுத் தண்ணீர் அப்படியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் கம்ப்ரஸர் காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். பஞ்சர் கடைக் காற்றே போதும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கிணற்றிலுள்ள மணலெல்லாம் மேலே வரும். சில இன்ஜின்களில் அந்தக் கிணற்றுக்குப் பக்கவாட்டில் சிறிய வடிகால் துளை இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும்.

காயிலின் நீண்ட ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடோ, வெள்ளைச் சாம்பல் தடமோ தெரிந்தால், பொறி பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும் இடம் அது, ஈரம் கிடைத்தால் குறுக்கு வழி தேடும். அந்தத் தடம் விழுந்தால் உறையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்த பிறகும் அதே வழியில் ஓடும். தடம் இல்லையென்றால் உலர்த்தி, உறையின் வாயில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் பொருத்தினால் போதும். இன்ஜினின் பிழைக் குறியைக் காட்டும் ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மட்டும்தான் மிஸ்ஸிங், அதாவது பொறி தவறுகிறது. ஒரு சிலிண்டருக்கு நான்கு காயில் எதற்கு?

இடப்பக்க டேஷ்போர்டுக்கு அடியில், கார்ப்பெட்டை ஒட்டி, ஒயரிங் இணைப்புகள் உண்டு. சில வண்டிகளில் இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியே அங்கேதான் இருக்கிறது. பேட்டரியின் நெகடிவைக் கழற்றிய பிறகு அந்த இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய தூரிகையால் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும்.

இன்னொன்று. பிறகு வாங்கிப் பொருத்திய ஹாரன், பனிவிளக்கு ஏதாவது உண்டா? கேபினுக்குள் ஒயர் இழுப்பதற்காக, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரின் ரப்பர் வளையத்தைக் கத்தியால் கிழித்துவிடுவார்கள். மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து வரும். ஒயர் உள்ளே நுழைவதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தொங்கலான வளைவு விட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். அதைச் செய்யப் பொறுமை வேண்டும், பலருக்கு அது இருப்பதில்லை.

நெல்லைச்சாரல்
அக்டோபர் 19, மாலை 6.45

மதுரை அண்ணா, பார்த்தேன். நான் அடைத்தது வடிகாலைத்தான்.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. சென்ற ஆண்டு அடைத்தபின் இன்ஜின் பக்கம் ஒழுகல் நின்றது உண்மை. ஆனால் பிப்ரவரியிலிருந்து உள்ளே ஒரு பூஞ்சை வாடை. ஏசியில் இரண்டு முறை மருந்து அடித்தும் போகவில்லை. இன்று கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன், அடிப் பஞ்சு கறுத்துப்போயிருக்கிறது, தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத் துரு. இங்கே எழுதியதைப் பார்த்து வேறு யாராவது அதே தவறைச் செய்துவிடக் கூடாது. தயவுசெய்து என் முதல் யோசனையை யாரும் பின்பற்றாதீர்கள்.

இப்போது இந்தச் சிலிகானை எப்படி எடுப்பது?

மதுரைப் பட்டறை
அக்டோபர் 19, இரவு 8.00

வெளிப்படையாகச் சொன்னதற்கு மகிழ்ச்சி தம்பி. பத்து வண்டிக்கு ஒரு வண்டி இப்படித்தான் வருகிறது. நல்லவேளை, துரு ஆரம்பத்திலேயே தெரிந்தது.

ஸ்குரூ டிரைவரால் குத்தாதீர்கள். தகட்டின் பெயின்ட் போனால் அங்கேயும் துரு தொடங்கும். பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் ஓரத்தை நெம்பிவிட்டு, மூக்கு நீண்ட குறடால் பிடித்து இழுத்தால் ரப்பர் துண்டாகவே உரிந்து வரும். எந்தச் சிலிகான் என்று நினைவிருக்கிறதா? தடவும்போது வினிகர் போலப் புளித்த வாடை வந்ததா? அந்த வகை உலரும்போது அமிலம் விடும், தகட்டுக்கு ஆகாது. வண்டியில் எங்காவது உண்மையாகவே அடைக்க வேண்டியிருந்தால் வாடையில்லாத நடுநிலை வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நெல்லைச்சாரல்
அக்டோபர் 19, இரவு 8.12

புளித்த வாடைதான் அண்ணா. நாளை விடுப்பு போட்டுவிட்டு இந்த வேலையை முடிக்கிறேன்.

குரோம்பேட்டைவாசி
அக்டோபர் 22, பகல் 12.30

காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். அம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலக்கோடி: ஊற்றிய எட்டாவது நொடியில் கொட்டியது, பாட்டில் காலியான கையோடு நின்றது. இடக்கோடி: ஊற்றினேன், ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து நூல் போல ஒழுகத் தொடங்கியது. அந்த ஒரு லிட்டர் இறங்க ஏழு நிமிடத்துக்கு மேலானது. நான்காவது லிட்டரில் கேபினுக்குள் புளோயர் பக்கம் களக் களக் என்று சத்தம் கேட்டது. தண்ணீர் உள்ளே விழும் இடத்தை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

வைப்பர் கைகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். இலை என்று தனியாக எதுவும் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தின் அந்தச் சின்னஞ்சிறு இலைகளும் சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூவும் மட்கி, கறுத்து, காப்பித்தூள் வண்டல் போல மூன்று விரல் உயரத்துக்குப் படிந்திருந்தன. அதன் நடுவில், சல்லடையின் இடுக்கில் வந்த வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்தபடி, நான்கு இலை விட்ட ஒரு வேப்பங்கன்று. வேர் வடிகாலுக்குள் இறங்கியிருந்தது. மெதுவாக இழுத்தபோது வேரோடு சேர்ந்து ஒரு சாண் நீளத்துக்கு மண் கயிறு போல வந்தது. அம்மா அதைத் தொட்டியில் நட்டுவிட்டார்.

சாக்பீஸ் சோதனையும் செய்தேன். இடமிருந்து நடுவரை கோடு நன்றாக விழுந்தது. நடுவிலிருந்து வலப்பக்கம் ஒன்றரைச் சாண் தூரத்துக்குக் கோடே இல்லை. பீடிங் ரப்பர் அந்த இடத்தில் மடிந்து தகட்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறது. மூடியின் ஏழு கிளிப்புகளில் மூன்றைக் காணோம். சரியாக அதற்குக் கீழேதான் இரண்டாவது காயில்.

ஆகஸ்டில் வேலை பார்த்தவர்கள் அந்த மூன்று கிளிப்புகளைப் போட்டு, ரப்பரை ஒரு கையால் நீவிவிட்டிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அதற்காக எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அதே வண்டலை அவர்களும் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதுரைப் பட்டறை
அக்டோபர் 22, பகல் 2.10

உங்கள் கோபம் நியாயமானது. மூடியைத் திறந்தவன் உள்ளே இருக்கும் குப்பையை அள்ளாமல் மூடுவது தொழிலுக்கு அழகில்லை. என் பட்டறையில் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்.

மிச்ச வேலைக்குச் சில வார்த்தை. வண்டலைத் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள், எல்லாம் வடிகாலுக்குள் போய் மீண்டும் அடைக்கும். கையால் அள்ளி, மிச்சத்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். பிறகு தடித்த மீன்பிடி நைலான் நரம்பை ஓட்டைக்குள் விட்டு மேலும் கீழும் அசையுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். சில வண்டிகளில் வடிகாலின் கீழ் முனையில் வாத்தின் அலகு போல ஒரு ரப்பர் வாய் இருக்கும், கம்பி அதைக் கிழித்துவிடும் அல்லது மட்கார்டுக்குள் தள்ளிவிடும். மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். மேலே வடிந்த மண் அங்கேதான் குவியும், கதவுக்கு முன்னாலிருக்கும் தகடு துருப்பிடிப்பது அதனால்தான்.

மூடிமேல் பிளாஸ்டிக் தாளோ டேப்போ ஒட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள். ஒட்டாதீர்கள். ஏசிக்குக் காற்று வேண்டும்.

மதிப்பீட்டாளர்
அக்டோபர் 22, மாலை 5.00

வாகனக் காப்பீட்டு இழப்புகளை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். இந்தச் செலவைக் காப்பீட்டில் கேட்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பொதுவில் எழுதினால் பலருக்குப் பயன்படும்.

வடிகால் அடைப்பு, ரப்பர் தேய்மானம், துரு போன்றவை பராமரிப்பில் சேரும், இழப்பீடு கிடைக்காது. வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் முழுக் காப்பீட்டில் உண்டு. ஆனால் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து, காற்று ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் அது பின்விளைவுச் சேதம். சாதாரணப் பாலிசியில் வராது, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அதற்கு அடுத்த வாரங்களில் நான் பார்த்த வண்டிகளில் எத்தனையோ இன்ஜின்கள் தண்ணீரால் கெடவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பியதால்தான் கெட்டன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதையே பார்த்தேன். மனம் வலிக்கும். கதவின் கீழ்விளிம்புக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி நெகடிவைக் கழற்றி, தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வால்பாறைப் பாதை
அக்டோபர் 22, இரவு 7.40

குரோம்பேட்டை, நெல்லை இருவருக்கும் ஒரு வேண்டுகோள். கார்ப்பெட்டை மேலாக வெயிலில் உலர்த்திவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியிலுள்ள கனத்த பஞ்சு குடம் குடமாகக் குடித்து வைத்திருக்கும். சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கதவு நிலையின் பிளாஸ்டிக்கை எடுத்துக் கார்ப்பெட்டை முழுதாகத் தூக்கியே ஆக வேண்டும். சீட்டைத் தூக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் ஒயர்கள் இருக்கும்.

நான் பஞ்சைப் பிழிந்து, நான்கு செங்கல்மேல் நிறுத்தி, டேபிள் ஃபேனை மூன்று நாள் ஓடவிட்டேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் மூன்று நாளும் போதவில்லை, ஐந்து நாளானது. பஞ்சு கறுத்துவிட்டால் உலர்த்துவதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். நெல்லைத் தம்பி, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பூஞ்சைக் காற்றை அவர்கள் சுவாசிக்கக் கூடாது.

நெல்லைச்சாரல்
அக்டோபர் 24, காலை 10.20

சிலிகான் முழுவதும் வந்துவிட்டது. பஞ்சைத் தூக்கி எறிந்தேன். துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்தாகிவிட்டது. சகோதரி, இரண்டு வயது மகள் இருக்கிறாள். வாடை போகும் வரை அவளைக் காரில் ஏற்றப்போவதில்லை.

குரோம்பேட்டைவாசி
அக்டோபர் 29, இரவு 9.15

வேலை முடிந்தது. ஏழு கிளிப்புகளையும் புதிதாகவே போட்டேன். பீடிங் ரப்பர் மடிந்த இடத்தில் நிரந்தரமாக வளைந்துவிட்டதால் அதையும் மாற்றினேன். ஸ்கேனரில் கோவை நண்பர் சொன்னபடி பி0302 மட்டும்தான் இருந்தது. கிணற்றிலிருந்து ஊதிய காற்றோடு கால் டம்ளர் சேற்றுத் தண்ணீர் வந்தது. காயில் உறையில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்ததால் அந்த உறையை மட்டும் மாற்றினோம். காயில் நன்றாக இருக்கிறது. பிறகு வாங்கிப் பொருத்திய ஒயர் எதுவும் என் வண்டியில் இல்லை. இடப்பக்க இணைப்பு ஒன்றில் மட்டும் களிம்பு தொடங்கியிருந்தது, சுத்தம் செய்துவிட்டேன். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாயைத் தாண்டவில்லை.

நேற்று இரவும் இன்று காலையும் நல்ல மழை. கால்மிதிக்கு அடியில் பழைய நாளிதழ் ஒன்றை மடித்து வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தேன், மொறமொறவென்று இருக்கிறது. பானெட்டுக்குள் இன்ஜின் தலை காய்ந்திருக்கிறது. ஓரங்களில் சில துளிகள், அவ்வளவுதான். ஏசி வாடையும் போய்விட்டது. சனிக்கிழமை அம்மாவை மீண்டும் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன், அதே சீட்டில்.

மதுரை ஐயா, கடைசியாக இரண்டு சந்தேகம். ஓரங்களில் இருக்கும் அந்தத் துளிகளைப் பொருட்படுத்த வேண்டுமா? புதிய ரப்பர் இறுகிப்போகாமல் இருக்க எண்ணெய் ஏதாவது தடவலாமா? மரத்தடியை மாற்ற வழியில்லை.

மதுரைப் பட்டறை
அக்டோபர் 29, இரவு 10.00

ஓரத் துளி இயல்பு தம்பி. முன்னால் கிரில் வழியாகவும் சக்கரத்தின் அடியிலிருந்தும் சாரல் வரத்தான் செய்யும். இன்ஜின் அறை அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. காயில்மேலும் ஃபியூஸ் பாக்ஸின் மூடிக்குள்ளும் மட்டும் தண்ணீர் இருக்கக் கூடாது. வாட்டர் வாஷுக்கு விடும்போது இன்ஜின்மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது, ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ் விரல் நுனியில் எடுத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடவுங்கள். மரம் அங்கேயே இருக்கட்டும். வேப்பம்பூ உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை மூடியைத் தூக்கி அள்ளிவிடுங்கள். வாரம் ஒரு நாள் சல்லடைமேல் கிடப்பதைக் கையால் எடுங்கள், துடைப்பத்தால் கூட்டினால் உள்ளே விழும்.